ஏரியில விட்ட ட்ரவுட் நாளுக்கு நாள் மாறும், நம்ம தூண்டிலும் மாறணும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன வாரம் உங்க பேப்பர்ல ஏரிகள்ல கொண்டுவந்து விடுற ட்ரவுட்ங்கற குளிர்தண்ணி மீனைப் பத்தி ஒரு கட்டுரை வந்துச்சு, தமிழ்ல இதப்பத்தி எழுத ஆளே இல்லாத நேரத்துல இவ்ளோ இடம் ஒதுக்கி போட்டதுக்கு முதல்ல மனசார நன்றி. ஆனா அதுல பண்ணையில வளந்த மீன்தானே, எந்த இரையப் போட்டாலும் வந்து கடிச்சிடும்ங்கற அர்த்தத்துல ஒரு வரி இருக்கு, அத அப்படியே விட்டுட்டுப் போக எனக்கு மனசு வரல. அந்த வரிய நம்பி புதுசா ராடும் ரீலும் வாங்கிட்டு கரைக்குப் போற ஒருத்தர் பொழுது முழுக்க உக்காந்துட்டு வெறுங்கையோட வருவாரு, அதுக்கப்புறம் தூண்டில் பக்கமே போக மாட்டாரு. விட்ட ட்ரவுட் சுலபமா மாட்டுறது உண்மைதான், ஆனா அது முதல் சில நாளுக்கு மட்டும்தான். அந்த மீன் ஏரிக்கு வந்து எத்தன நாளாச்சு, தண்ணி எவ்ளோ சூடா இருக்கு, இந்த ரெண்டையும் பாத்துதான் எந்த முறைய எடுக்கறதுன்னு முடிவு பண்ணணும், இத சொல்லத்தான் இவ்ளோ நீளமா எழுதறேன், பொறுத்துக்கங்க.

முதல்ல ஏன் கொண்டுவந்து விடுறாங்கன்னு பாக்கணும். பெரும்பாலான ஏரிகள்ல விடறது ரெயின்போ ட்ரவுட்தான், சில இடத்துல பிரவுன், புரூக் வகைகளும் விடுவாங்க. ரெயின்போவோட சொந்த இடம் வட அமெரிக்காவோட மேற்குப் பக்கமும் ரஷ்யாவோட கம்சட்கா பக்கமும். அங்கேந்து முட்டையா ஏத்திட்டுப் போயி உலகம் முழுக்க பரப்பிட்டாங்க, நியூசிலாந்துக்கு 1883லயே போயிடுச்சு, இன்னிக்கு அண்டார்டிகா தவிர எல்லா கண்டத்துலயும் இருக்கு. இந்த மீன் முட்டை போட ஓடுற தண்ணியும் அடியில சரளைக் கல்லும் வேணும், சரளைய வாலால தோண்டி அதுக்குள்ள முட்டைய வச்சு மூடும், கல்லுக்கு நடுவுல தண்ணி ஓடிட்டே இருந்தாதான் முட்டைக்கு ஆக்சிஜன் கிடைக்கும். ஓடை வந்து சேராத ஏரியில இது நடக்காது, அதனாலதான் பிடிக்கப் பிடிக்க திரும்பத் திரும்ப விட வேண்டியிருக்கு. சில இடத்துல முட்டைக்கு சூடோ அழுத்தமோ கொடுத்து இனப்பெருக்கமே பண்ண முடியாத மீனா ஆக்கி விடுவாங்க, அது அங்க இருக்கற இயற்கையான மீனோட கலந்துடக் கூடாதுன்னு.

இப்ப அந்த மீனோட பக்கத்துலேந்து யோசிங்க. பொறந்ததுலேந்து சிமெண்ட் தொட்டியில நெருக்கியடிச்சு வளந்துருக்கு, சாப்பாடுன்னா மேலேந்து விழற பெல்லட்ங்கற தீனி உருண்டைதான், பூச்சியோ புழுவோ தேடிப் போயி பிடிச்சதே இல்ல. ஒரு நாள் லாரியில ஏத்தி குலுக்கிக் கொண்டுவந்து வேற சூடு, வேற வாசனை உள்ள தண்ணியில கொட்டுறாங்க. கொட்டுன உடனே நிறைய மீன் ஒண்ணும் சாப்பிடாது, மிரண்டு போயி கூட்டமா சுத்திட்டிருக்கும், அதனால லாரி கிளம்புன கையோட தூண்டில் போட்டுட்டு கடிக்கலையேன்னு சலிச்சுக்கறதுல நியாயமில்ல. ஒரு நாள் ரெண்டு நாள் கழிச்சு பசி எடுக்கும், அப்பவும் விட்ட இடத்த விட்டு ரொம்ப தூரம் போயிருக்காது, கூட்டமாவே இருக்கும், தண்ணியோட மேல்பக்கத்துலதான் அதிகமா திரியும், ஏன்னா சாப்பாடு மேலேந்துதான் வரும்னு அதுக்கு பழகிப்போச்சு.

இந்த சமயத்துல அடியில ஈயத்தப் போட்டுட்டு உக்காந்துருக்கறவங்கள பாத்தா எனக்கு ஆதங்கமா இருக்கும், மீன் மேல திரியுது, இரை கீழ கெடக்குது. ட்ரவுட்டோட கண்ணு முன்னாடியும் மேலயும் நல்லா பாக்கற மாதிரி அமைஞ்சிருக்கு, தனக்கு மேல போற இரைய கவனிச்சு ஏறி வந்து எடுக்கும், தனக்கு கீழ இருக்கறத அவ்ளோவா கவனிக்காது. அதனால முதல் வாரத்துல சின்ன தக்கை, அதுக்கு கீழ ரெண்டு அடியிலேந்து நாலு அடிக்குள்ள ஒரு குட்டி ஜிக், அதாவது தலையில எடை வச்ச முள்ளு, 1 கிராம் இல்ல அதுக்கும் கம்மி எடையில, அவ்ளோதான் வேணும். போட்டுட்டு சும்மா விடாம கொஞ்சம் இழுத்து நிறுத்தி இழுத்து நிறுத்தி கொண்டுவந்தா ஜிக் ஏறி இறங்கும், பெரும்பாலும் இறங்கும்போதுதான் கடிக்கும், தக்கை முழுசா முங்கணும்னு காத்திருக்காதீங்க, லேசா சாஞ்சாலோ நின்னு போனாலோ மணிக்கட்டால சின்னதா ஒரு தூக்கு போதும். ஸ்பின்னர், அதாவது இழுத்தா தகடு சுத்துற போலி இரை, போடறவங்களுக்கும் இதுதான் நல்ல நேரம், 2 கிராம்லேந்து 4 கிராம் வரைக்கும் உள்ள சின்ன ஸ்பின்னர், தகடு சுத்துற அளவுக்கு மட்டும் மெதுவா இழுக்கணும். நிறைய பேர் பயங்கர வேகமா இழுக்கறாங்க, பண்ணை மீனுக்கு துரத்திப் பிடிச்சு பழக்கமே கிடையாது, பின்னாடியே வரும், கரை வரைக்கும் வந்து திரும்பிப் போயிடும். அப்படி பின்னாடியே வந்து கடிக்காம போனா இன்னும் மெதுவாக்குங்க, இல்ல நடுவுல ஒரு நொடி நிறுத்துங்க, இல்ல கலர மாத்துங்க. ஸ்பின்னருக்கு முன்னாடி ஒரு நல்ல ஸ்விவல், அதாவது சுத்துற இணைப்பு வளையம், கண்டிப்பா வேணும், இல்லன்னா தூண்டில் நரம்பு முறுக்கிக்கிட்டு ரீல் முழுக்க சிக்காயிடும்.

கலர் விஷயத்துல, புதுசா விட்ட மீனுக்கு பளிச்சுன்னு ஆரஞ்சு, மஞ்சள், பிங்க் எடுக்கும், நாளாக ஆக பழுப்பு, கருப்பு, ஆலிவ் பச்சை மாதிரி இயற்கைக் கலருக்குப் போகணும். தண்ணி கலங்கியிருந்தா எப்பவுமே பளிச் கலர். இதுக்கு மேல கலரப் பத்தி மணிக்கணக்கா பேசறது எனக்கு தேவையா தெரியல, ஆழம்தான் முக்கியம், சரியான ஆழத்துல சுமாரான கலர் போட்டாலும் கடிக்கும், தப்பான ஆழத்துல எந்தக் கலர் போட்டும் பிரயோஜனமில்ல.

ஒரு வாரம் பத்து நாள் ஆச்சுன்னா கதை மாறிடும். கூட்டம் உடையும், கரையோரமா ஏரிய சுத்த ஆரம்பிக்கும், சுலபமா மாட்டுறதெல்லாம் மாட்டி முடிஞ்சிருக்கும், மிச்சம் இருக்கறது கொஞ்சம் உஷாரானது. இப்பதான் மிதக்குற மாவு இரைக்கு வேல. பெர்க்லி கம்பெனியோட பவர்பெய்ட் எல்லாருக்கும் தெரியும், வேற கம்பெனியோடதும் இருக்கு, எல்லாமே பண்ணைத் தீனிய நினைவுபடுத்துற மாதிரி வாசனையோட தண்ணியில மிதக்கற மாவுதான். உங்க கட்டுரையில இத ஒரே வரியில மாவு உருண்டைய முள்ளுல வச்சு போடுங்கன்னு முடிச்சிருக்காங்க, ஆனா இந்த முறையோட சூட்சுமமே மாவு மிதக்கறதுலதான் இருக்கு, அதனால இத கொஞ்சம் விரிவா சொல்றேன்.

ரீல்லேந்து வர நரம்புல நடுவுல ஓட்டை இருக்கற முட்டை வடிவ ஈயக்குண்டு ஒண்ண கோக்கணும், 7 கிராம்லேந்து 14 கிராம் வரைக்கும், எவ்ளோ தூரம் வீசணுமோ அதப் பொறுத்து. அப்புறம் முடிச்சு தேயாம இருக்க ஒரு சின்ன பிளாஸ்டிக் மணி, அப்புறம் ஸ்விவல். ஸ்விவலோட அந்தப் பக்கம் லீடர்ங்கற நுனி நரம்பு, ஒன்றரை அடியிலேந்து மூணு அடி வரைக்கும், அதோட நுனியில முள்ளு. ஈயம் தரையில கெடக்கும், மாவு முள்ளயும் தூக்கிட்டு மேல மிதக்கும், அப்ப லீடர் எவ்ளோ நீளமோ அவ்ளோ உயரத்துல இரை நிக்கும். அடியில பாசி மண்டிக் கெடந்தாலும் இரை அதுக்கு மேல தெரியும், மீன் எந்த உயரத்துல போகுதோ அதுக்கேத்த மாதிரி லீடர நீட்டலாம் குறைக்கலாம், ஒன்றரை அடியில கடிக்கலன்னா அதே இடத்துல மூணு அடி போட்டுப் பாருங்க, இடத்த மாத்தறதுக்கு முன்னாடி இத செய்யுங்க. மீன் இரைய எடுத்துட்டு நகரும்போது நரம்பு ஈயத்துக்குள்ள வழுக்கி ஓடும், அதுக்கு ஈயத்தோட எடை தெரியாது, அதனால சந்தேகப்பட்டு துப்பாது. ஈயத்த நரம்புல அசையாம கடிச்சு வச்சுட்டா இந்த நன்மை மொத்தமும் போச்சு.

மாவு பட்டாணி அளவுக்கு இருந்தா போதும், முள்ளு முழுசா மறையணும், ஆனா முள்ளத் தூக்கற அளவுக்கு இருக்கணும். வீசறதுக்கு முன்னாடி கரையோரத் தண்ணியில விட்டுப் பாருங்க, மிதந்தா வீசுங்க, முங்குனா முள்ளு பெருசு இல்ல மாவு கம்மி. 10ஆம் நம்பர்லேந்து 14ஆம் நம்பர் வரைக்கும் உள்ள சின்ன முள்ளு சரியா இருக்கும், நம்பர் ஏற ஏற முள்ளு சின்னதாகும்ங்கறத புதுசா வரவங்க கவனிக்கணும். அர மணி நேரத்துக்கு ஒரு தடவ மாவ மாத்துங்க, தண்ணியில ஊறி கரைஞ்சு வாசனையெல்லாம் போயி வெறும் முள்ளு மட்டும் நிக்கற தூண்டில பாத்துட்டு உக்காந்துருக்கறது வீண். மண்புழு போடறவங்களுக்கும் இதே அமைப்புதான், புழுவுக்குள்ள ஊசியால கொஞ்சம் காத்து ஏத்துனா அதுவும் மிதக்கும், கையில குத்திக்காம ஜாக்கிரதையா செய்யணும், புழுவ தரையில வச்சுட்டு ஏத்தறதுதான் பாதுகாப்பு.

இனி பல வாரம், பல மாசம் தப்பிச்சு நிக்கற மீனு. இதுக்கு என் மனசுல தனி மரியாதை உண்டு. பண்ணையில சிமெண்ட்டுல உரசி தேஞ்சு போயிருந்த துடுப்பெல்லாம் திரும்ப வளந்துருக்கும், தண்ணியில இருக்கற குட்டி இறால் வகைகளத் தின்னு சதை சிவப்பா மாறியிருக்கும், இயற்கையா வளந்த மீன் மாதிரியே நடந்துக்கும். இதோட முக்கியமான சாப்பாடு தண்ணிக்கு அடியிலேந்து மேல ஏறி வர கைரோனமிட் பூச்சியோட புழுவும் கூட்டுப்புழுவும்தான், கொசு மாதிரியே இருக்கும் ஆனா கடிக்காத பூச்சி அது. அந்த அளவுல, அந்தக் கலர்ல ஃப்ளை, அதாவது நூலும் இறகும் சுத்தி பூச்சி மாதிரி செஞ்ச முள்ளு, கட்டி தக்கைக்கு கீழ அசையாம தொங்க விட்டா போதும், காத்துல தக்கை ஆடுற ஆட்டமே அதுக்கு உயிர் குடுக்கும். ஃப்ளை ராடு இல்லாதவங்க கவலப்பட வேண்டாம், உள்ள தண்ணி ஊத்திக்கற கண்ணாடி மாதிரி தக்கை கிடைக்குது, பாதி தண்ணி ஊத்துனா சாதாரண ராடுலயே தூரமா வீசற எடை வந்துடும், அதுக்குப் பின்னாடி நாலு அடி நரம்புல ஒரு வூலி பக்கர்ங்கற வகை ஃப்ளை கட்டி மெதுவா இழுத்துட்டு வாங்க, சாயங்காலம் மேல வட்டம் வட்டமா மீன் எழும்புற நேரத்துல இதுக்கு ஈடா ஒண்ணும் இல்ல. படகு இருக்கறவங்க ஸ்பூன்ங்கற வளைஞ்ச தகடு இரைய பின்னாடி விட்டு நடக்கற வேகத்துக்கும் கம்மியா இழுத்துட்டுப் போகலாம், அதப்பத்தி உங்க கட்டுரையில நல்லாவே எழுதியிருக்காங்க.

அடுத்தது தண்ணியோட சூடு, உங்க கட்டுரையில இது அடியோட விட்டுப்போச்சு. ட்ரவுட் நல்லா சாப்பிடறது சுமார் 10லேந்து 16 டிகிரி செல்சியஸ்ல, 20ஐத் தாண்டுனா தவிக்கும், 25 பக்கம் போனா உயிருக்கே ஆபத்து. குளிர்ந்த தண்ணியிலதான் ஆக்சிஜன் அதிகம் நிக்கும், கடல் மட்டத்துல 10 டிகிரி தண்ணி ஒரு லிட்டருக்கு சுமார் 11 மில்லிகிராம் ஆக்சிஜன் பிடிச்சு வச்சிருக்கும், 20 டிகிரியில அது 9 பக்கம் இறங்கிடும், மீனுக்கோ சூட்டுல மூச்சுத் தேவை இன்னும் கூடும். அதனால வெயில் காலத்துல மேல்தண்ணி சூடானா மீன் கீழ இறங்கிடும், ஆனா ஆழமான ஏரியில அடியோட அடிக்குப் போனா அங்க ஆக்சிஜன் தீந்து போயிருக்கலாம், அப்ப நடுவுல ஒரு அடுக்குலதான் மொத்த மீனும் நிக்கும். அந்த அடுக்க கண்டுபிடிக்க மெஷின் எல்லாம் இல்லாமலும் முடியும், ஸ்பூன வீசிட்டு அது முங்கும்போது ஒண்ணு ரெண்டுன்னு எண்ணுங்க, முதல் தடவ 5 வரைக்கும் எண்ணி இழுங்க, அடுத்தது 10, அப்புறம் 15, எந்த எண்ணுல கடிச்சுதோ அதே எண்ண திரும்ப திரும்ப போடுங்க. வெயில் காலத்துல ஊத்து வர இடம், ஓடை வந்து சேர்ற வாய், அணைக்குப் பக்கத்துல இருக்கற ஆழம், விடியற்காலை, இதெல்லாம்தான் இடமும் நேரமும். குளிர் காலத்துலயும் மழை மூட்டமான நாள்லயும் கரைக்குப் பக்கத்துலயே வரும். காத்தடிக்கற நாள்ல எல்லாரும் காத்து படாத பக்கமா ஒதுங்குவாங்க, ஆனா காத்து முகத்துல அடிக்கற கரையிலதான் பூச்சியும் மிதக்கற இரையும் ஒதுங்கும், மீனும் அங்கதான் இருக்கும், வீசறது கஷ்டம்னாலும் அங்க நில்லுங்க.

நரம்ப பத்தி ஒரு வார்த்தை. 10 பவுண்டு, 12 பவுண்டு எடை தாங்கற நரம்பு போட்டுட்டு ட்ரவுட்டுக்குப் போகாதீங்க, தெளிஞ்ச தண்ணியில அது பட்டுன்னு தெரியும், சின்ன இரைய தூரமா வீசவும் முடியாது. ரீல்ல 4 இல்ல 6 பவுண்டு, லீடர் 4 பவுண்டு ஃப்ளோரோகார்பன், அது நைலான விட தண்ணிக்குள்ள கம்மியா தெரியும். ரீல்ல நரம்பு வெளிய ஓடறத கட்டுப்படுத்துற டிராக்க நரம்போட பலத்துல மூணுல ஒரு பங்குக்கு மேல இறுக்காதீங்க, ட்ரவுட் வாய் மென்மையானது, இழுத்துப் பிடிச்சா முள்ளு கிழிச்சிட்டு வந்துடும், ஓடட்டும் விடுங்க. கையில பூசற க்ரீம், பெட்ரோல், சிகரெட் வாசனை இரையில ஒட்டக் கூடாது, அதோட மூக்கு ரொம்ப கூர்மை.

கடைசியா, எனக்கு ரொம்ப முக்கியமான ஒண்ணு. உங்க கட்டுரையில சின்ன மீன் மாட்டுனா முள்ள உருவிட்டு தண்ணியில விட்டுடுங்கன்னு போட்டிருக்காங்க. மாவு இரையும் புழுவும் போட்டா ட்ரவுட் ஆழமா விழுங்கிடும், முள்ளு தொண்டையிலயோ செவுள்லயோ போய் நிக்கும், அத குறடு விட்டு உருவுனா ரத்தம் கொட்டி அந்த மீன் நீந்திப் போன மாதிரி போயி கொஞ்ச நேரத்துலயோ ஒரு நாள்லயோ செத்துடும், யார் கண்ணுக்கும் தெரியாது. ஆழமா விழுங்கியிருந்தா முள்ளத் தொடாம வாய்க்குப் பக்கத்துல நரம்ப வெட்டி விடறதுதான் சரி, அப்படி விட்ட மீன்தான் அதிகமா பிழைக்குதுன்னு ஆராய்ச்சியில பாத்திருக்காங்க. அதவிட நல்லது, பிடிச்சு விடறதுதான் நோக்கம்னா இரையே போடாதீங்க, பார்ப்ங்கற எதிர்முனை இல்லாத ஒத்த முள்ளு ஸ்பின்னரோ ஜிக்கோ ஃப்ளையோ போடுங்க, அதுல பெரும்பாலும் உதட்டுலதான் மாட்டும். இரை போடறவங்க அன்னிக்கு அனுமதிச்ச எண்ணிக்கைக்குள்ள பிடிச்சத எடுத்துக்கிட்டு அதோட நிறுத்திக்கணும், இன்னும் பெருசு வரும்னு ஒவ்வொண்ணா பிடிச்சு பிடிச்சு விடறது அந்த மீனுக்கு செய்யற கொடுமை. விடற மீன காஞ்ச கையால தொடாதீங்க, மேல இருக்கற வழுவழுப்புதான் அதுக்கு நோய்த் தடுப்பு, கைய நனைச்சுக்குங்க, ரப்பர் கைவலை வச்சுக்குங்க, முடிஞ்ச வரைக்கும் தண்ணிக்குள்ளயே முள்ள எடுங்க. தண்ணி 20 டிகிரியத் தாண்டுன நாள்ல விடறதுக்காக பிடிக்கவே பிடிக்காதீங்க, போராடுன களைப்புலேந்து அதால மீள முடியாது.

லைசன்ஸ், ஒரு நாளைக்கு எத்தன மீன், எந்த இரைக்கு அனுமதி, எத்தன தூண்டில், இதெல்லாம் ஏரிக்கு ஏரி மாறும், போறதுக்கு முன்னாடி அந்த ஏரியோட விதிய படிச்சுட்டுப் போறது நம்ம கடமை. ஒரு ஏரியிலேந்து இன்னொரு ஏரிக்குப் போறவங்க பூட்ஸ், வலை எல்லாத்தையும் கழுவி நல்லா காய வைக்கணும், நத்தை, பாசி, மீன் நோயெல்லாம் ஈரத்துலயே பயணம் பண்ணும்.

ஆசிரியர் அய்யா, அந்த முள்ள உருவச் சொன்ன வரிக்கு மட்டும் அடுத்த வாரமே ஒரு திருத்தம் போட்டுடுங்க, மத்ததெல்லாம் இடம் இருக்கறப்ப போட்டுக்கலாம். கட்டுரை எழுதுனவருக்கு என் மேல வருத்தம் வேண்டாம், அடுத்த பகுதி எழுதுனா தண்ணியோட சூடு, ஆழம் பத்தி அவர் எழுதணும்னு ஆசப்படறேன்.

இப்படிக்கு,
உங்க பேப்பர தினமும் படிக்கற ஒரு தூண்டில்காரன்